மிருதுளா ஆடாத ஆட்டங்கள்

கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. நம்மாள் சிக்ஸர் அடித்தபோது யார் எங்கே உட்கார்ந்திருந்தாரோ, ஆட்டம் முடிகிற வரை அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும்; கால் மரத்துப் போனாலும் மாற்றிப் போடக்கூடாது. யார் உள்ளே நுழைந்தபோது விக்கெட் விழுந்ததோ, அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வயசு, உத்தியோகம், வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் இதில் செல்லாது. சிட்லபாக்கத்தில் பத்ரிநாராயணன் வீட்டில் அப்படி அடுக்களைக்கு அனுப்பப்பட்டவர் பத்ரிநாராயணனேதான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க கொஞ்ச நேரம் உள்ள இருங்களேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கெஞ்சுவார்கள். மின்வாரியத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷன், சிரித்துக்கொண்டே போய் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு ஸ்கோரைக் காதால் கேட்பார். இந்தியா ஜெயித்துத் தொலைக்கும். அதுவரைக்கும் அது வெறும் விளையாட்டுத்தான்.

விளையாட்டு வினையானது மகள் மிருதுளா டென்னிஸ் ஆட ஆரம்பித்த பிறகு. அவளுக்குப் பன்னிரண்டு வயசு. மாவட்டப் போட்டியில் நன்றாக முன்னிலையில் இருந்தாள். பத்ரிநாராயணன் ஆபீஸிலிருந்து பாதி நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்து கேலரியில் உட்கார்ந்தார். தோற்றாள். அடுத்த போட்டியிலும் அவர் வந்து உட்கார்ந்தார், தோற்றாள். அதற்கடுத்த போட்டியில் அவள் தடுமாற ஆரம்பித்ததும் பார்க்கச் சகிக்காமல் எழுந்து வெளியே டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் ஜெயித்திருந்தாள். அந்த ஒரு டீயோடு அவர் மனசில் விஷயம் முடிவாகிவிட்டது. தன் கண் பட்டால் மகள் தோற்றுவிடுவாள்.

ராகுகாலத்தில் அட்வான்ஸ் கொடுத்து வீடு வாங்கியவர், சூலம் பார்க்காமல் ஊருக்குக் கிளம்புகிறவர். மற்ற எதிலும் மூடநம்பிக்கை கிடையாது. அதனால்தான் இதை யாராலும் அவர் மனசிலிருந்து பிடுங்க முடியவில்லை. "நான் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லலையே, கண்ணால பார்த்ததைத்தானே சொல்றேன்" என்பார். மனைவி சுந்தரவல்லி கணக்கு டீச்சர். தற்செயலைப் பற்றி வருஷக்கணக்காகப் பாடம் நடத்திப் பார்த்துவிட்டு, ஒருநாள் கையைக் கழுவிவிட்டாள்.

ஆனால் ஆசை விடுமா? மகளின் ஒவ்வொரு போட்டிக்கும் கூடவே போவார். ஆட்டத்துக்கு முன்னால் அவள் பந்து தட்டிப் பழகுவதைப் பார்ப்பார். முதல் கேமை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பார். அவள் ஒரு பந்தை வலையில் அடித்தால் போதும், சட்டென்று எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கைத்தட்டலைக் கேட்பார். வழக்கமான டென்னிஸில் அது வசதிதான். பந்து ஓடும்போது கூட்டம் மூச்சுவிடாமல் இருக்கும், பாயிண்ட் முடிந்ததும் தட்டும். பலமாகத் தட்டினால் நம்ம பெண்ணுக்கு, சுமாராகத் தட்டினால் எதிராளிக்கு. இப்படியே அவர் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் டெல்லியிலும் மகளின் ஆட்டத்தைச் சுவருக்கு இப்பால் நின்று பார்த்தார். பார்த்தார் என்றா சொல்வது?

காரணத்தை மிருதுளாவிடம் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட கண்டிப்பு. சின்னப் பெண், அப்பாவைக் கண்டாலே பயந்துவிடுவாளோ என்ற கவலை. "அப்பாவுக்கு பிபி, டென்ஷன் தாங்காது" என்று சுந்தரவல்லி சொல்லி வைத்தாள். மிருதுளாவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெரிய போட்டிகளின் வாசல் வரை போனவள், உள்ளே போகக் கொடுத்து வைக்கவில்லை. முழங்காலில் ஒரு ஆபரேஷன் ஆயிற்று. விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த வங்கி வேலை இருந்தது. இந்த வருஷத்தோடு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். சொன்ன மறு வாரமே, புதிதாக ஆரம்பித்திருந்த அணி டென்னிஸ் லீக்கில் 'சென்னை பெலிகன்ஸ்' என்ற அணி அவளை மாற்று ஆட்டக்காரியாக எடுத்துக்கொண்டது.

இந்த லீக் டென்னிஸ் டிவியில் நாம் பார்த்துப் பழகிய டென்னிஸ் இல்லை. இதில் ஆள் ஜெயிப்பதில்லை, அணிதான் ஜெயிக்கிறது. ஒரே சாயங்காலத்தில் நாலு செட். ஆண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர், கடைசியில் பெண்கள் ஒற்றையர். நாலிலும் எடுத்த கேம்களைக் கூட்டிப் பார்த்து, யாருக்கு அதிகமோ அவர்களுக்கு வெற்றி. செட் நடுவிலேயே கோச் நினைத்தால் ஆளை மாற்றலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், சத்தம் போடலாம். போடாவிட்டால்தான் மைக்கில் திட்டுவார்கள்.

"நான் ஆடப்போறதில்லப்பா, பெஞ்சுதான். சும்மா வந்து பாரேன்" என்று மிருதுளா இரண்டு பாஸைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பத்ரிநாராயணன் தலைநிமிர்ந்தார். ஆடப்போவதில்லை என்றால் உட்காரலாம். எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்த நொடியில் தனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்து அவர் பிற்பாடு வெட்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த நொடியில் சந்தோஷம்தான் பட்டார்.

ஆட்டங்கள் வண்டலூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரி மைதானத்தில் நடந்தன. இரும்புப் பைப்புகளைக் கட்டிப் பலகை போட்ட கேலரி. தெருக்கோடியில் இருக்கும் பிரிட்டோதான் எல்லோரையும் அழைத்துப் போனான். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். பட்டறைக்குச் சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் தெருவே ஏறிக்கொள்ளும். நடுவில் சர்ச் திருவிழாவுக்கு வாசிக்கிற பெரிய டிரம், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிட்டோவின் மனைவி ரோஸி. பத்ரிநாராயணன் தம்பதிக்கு மட்டும் முன் சீட்டு.

முதல் நாள் பத்ரிநாராயணனுக்கு அந்தச் சத்தம் அடுக்கவில்லை. சர்வ் போடும்போது பிரிட்டோ டிரம்மை உருட்டினான். இவர் திரும்பி உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்றார். பிரிட்டோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னா சார், இது இன்னா பூசையா நடக்குது? எல்லாரும் கத்திகினு கீறாங்க, நீயும் கத்து சார்" என்றான். இரண்டாவது செட்டில் நம்ம இரட்டையர் ஜோடி விழுந்து புரண்டு ஒரு பாயிண்ட் எடுத்தபோது, பத்ரிநாராயணன் தன்னை அறியாமல் எழுந்து நின்று "சபாஷ்டா!" என்று கத்தியிருந்தார். தொண்டை கட்டிக்கொண்டது. ராத்திரி சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்த சுந்தரவல்லி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் கத்திக் கேட்டது இதுதான் முதல் தடவை என்றாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போனார். காற்றடைத்த பிளாஸ்டிக் குச்சிகளைத் தட்டுகிற இளைஞர் கூட்டத்துக்கு நடுவில் தாம்பாளம் தனியாகக் கேட்டது. கேமராக்காரன் அவரைப் பெரிய திரையில் காட்டினான். பெலிகன்ஸ் என்று வாயில் நுழையாதவர்கள் அந்தப் பறவையின் தமிழ்ப் பெயரில் "கூழைக்கடா, கூழைக்கடா" என்று கத்த, இவர் தாளம் போட்டார். இடைவேளையில் மாங்காய் பத்தை, வேர்க்கடலை. எதிரணி ஆதரவாளர்களுடன் வாய்ச்சண்டை, ஆட்டம் முடிந்ததும் அவர்களுடனேயே செல்ஃபி. இத்தனை காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட கைத்தட்டலுக்குள் இவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் நடுவில் அவர் கண் அடிக்கடி போனது கோர்ட்டுக்கு இல்லை, பெஞ்சுக்கு. ஆரஞ்சு ஜெர்ஸியில் மிருதுளா உட்கார்ந்திருப்பாள். பாயிண்ட் எடுத்தால் குதிப்பாள், தோற்றவனுக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுப்பாள், பல்கேரியாவிலிருந்து வந்திருந்த அணியின் முதல் ஆட்டக்காரி களைத்து வந்தால் ஐஸ் பையை அவள் கழுத்தில் வைப்பாள். மகளை இவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் பார்த்ததே இல்லை. கடைசி செட் ஆரம்பிக்கும்போதெல்லாம், இவளைக் கூப்பிட்டுவிடக் கூடாதே, நான் எழுந்து போக வேண்டி வந்துவிடுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வார். எந்த அப்பாவாவது மகள் ஆடக்கூடாது என்று வேண்டிக்கொள்வானா? இவர் வேண்டிக்கொண்டார். ஒரு சீசன் முழுக்க அந்த வேண்டுதல் பலித்தது. மிருதுளா ஒரு பந்துகூட ஆடவில்லை.

அவள் முகத்தில் அது தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஆடாத ராக்கெட்டுக்கு உறை போடுவாள். பத்ரிநாராயணன் அதைப் பார்க்காதது மாதிரி இருந்தார்.

பெலிகன்ஸ் ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரே இந்தூர் அணி. பெருங்களத்தூரிலிருந்தும் பீர்க்கன்கரணையிலிருந்தும் ஜனம் பஸ்ஸும் ஆட்டோவுமாக வந்து குவிந்தது. கேலரி நிரம்பி, பைப்புக்கு அடியில் எல்லாம் ஆள் நின்றது. மூன்று செட் முடிந்தபோது சென்னை மூன்று கேம் முன்னிலை. கடைசி செட்டில் பல்கேரியாக்காரி ஆடினாள். முதல் கேம் போயிற்று. இரண்டாவது கேமில் ஓரத்துப் பந்துக்கு ஓடியவள் கணுக்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அந்த கேமும் போனதாகக் கணக்கு. மூன்று கேம் முன்னிலை ஒன்றாகச் சுருங்கிவிட்டது. கோச் பெஞ்சைப் பார்த்தார்.

பெஞ்சில் இருந்தவள் ஒருத்திதான்.

மைக்கில் மிருதுளாவின் பெயரைச் சொன்னபோது மொத்தத் தெருவும் எழுந்து ஆடியது. பிரிட்டோ டிரம்மைப் பிளந்தான். ரோஸி சிலுவை போட்டுக்கொண்டாள். பத்ரிநாராயணன் கையிலிருந்த தாம்பாளத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க போறேள்?" என்றாள் சுந்தரவல்லி.

"தெரிஞ்சுண்டே கேக்காதே."

"இது அவளோட கடைசி ஆட்டம். இதுக்கப்புறம் நீங்க பார்க்கணும்னு நெனச்சாக்கூடப் பார்க்க முடியாது."

"அதனாலதான் போறேன். கடைசி ஆட்டத்துல என்னால தோத்தான்னு இருக்கக் கூடாது."

சுந்தரவல்லி முகத்தைக் கோர்ட் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் முழங்கால்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் படியிறங்கிப் போனார்.

கேலரிக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர் டேங்கர், ஒரு மாங்காய் வண்டி. வண்டிக்காரனும் ஆட்டம் பார்க்கப் போய்விட்டான் போலிருக்கிறது. பத்ரிநாராயணன் பழக்கப்படி ஒரு பைப்பைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, இங்கே ஒன்றும் கேட்காது. கேட்காமல் இல்லை, எல்லாம் சேர்ந்து கேட்டது. டிரம், பிளாஸ்டிக் குச்சி, மைக்குக்காரனின் கூச்சல், இந்தூர்க்காரர்களின் ஊதல், பாட்டு. பாயிண்ட் எடுத்தாலும் கத்தினார்கள், விட்டாலும் கத்தினார்கள், ஒன்றுமே நடக்காதபோது இன்னும் அதிகமாகக் கத்தினார்கள். இத்தனை வருஷம் காதால் பார்த்துப் பழகிய மனுஷனுக்கு அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. மகள் நாற்பது அடி தூரத்தில் ஆடுகிறாள். ஜெயிக்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் அவர் நின்றார். பைப்புகளின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தார். பலகையிலிருந்து தொங்கும் கால்கள்தான் தெரிந்தன. பெற்ற பெண்ணின் கடைசி ஆட்டத்தில் ஊர்க்காரர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரே தகப்பன் நான்தான் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடினார்.

"சார்! உன்னிய எங்கெல்லாம் சார் தேடுறது?"

பிரிட்டோ ஓடி வந்துகொண்டிருந்தான். கழுத்தில் டிரம் வார் தொங்கியது, டிரம்மைக் காணோம்.

"என்னாச்சு? கீழ விழுந்துட்டாளா?"

"இன்னாத்துக்கு வுழுது? பின்னி எடுத்துகினு கீது பாப்பா. ரெண்டு கேமு, வரிசையா ரெண்டு. அந்த இந்தூர் பொண்ணுக்கு மூஞ்சே இல்ல. இன்னும் ரெண்டே ரெண்டு கேமு, கப்பு நம்பள்து."

பத்ரிநாராயணனுக்கு உடம்பு சிலிர்த்தது. "பார்த்தியா, பார்த்தியா பிரிட்டோ! நான் அங்க இல்ல, அவ ஜெயிக்கறா. நான் இங்கயே நிக்கறேன். நீ போ, போய் வாசி."

பிரிட்டோவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதுக்கா சார் இங்க வந்து நின்னுகினு கீற? நீ பாத்ரூம் போயிருப்பேன்னு நான் நெனச்சேன். சார், பாப்பா ஒவ்வொரு தபா பக்கம் மாறும்போதும் நம்ம வரிசையத்தான் பாக்குது. நான் கை ஆட்றேன், என்னியப் பாக்கல. டீச்சரம்மா கை ஆட்றாங்கோ, அவங்களயும் பாக்கல. காலியா கீற உன் சீட்டத்தான் பாக்குது. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

பத்ரிநாராயணன் கேலரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தோத்தா தோத்துட்டுப் போவுது சார். இந்தூர்க்காரன் கப்ப எடுத்துகினு போவட்டும். அது ஒரு பித்தளச் சொம்பு. நாளைக்கு பட்டறைல நான் உனுக்கு ஒண்ணு கடைஞ்சு தரேன். பாப்பா ஆடுறத எவன் சார் உனுக்குக் கடைஞ்சு தருவான்?"

ராசி பொய் என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை. இன்னும் சொன்னால், கண்ணுக்கு முன்னால் மறுபடி நிரூபணமாகியிருந்தது. தான் உள்ளே போனால் அவள் தோற்றுவிடுவாள் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டேதான் பத்ரிநாராயணன் பிரிட்டோவின் பின்னால் நடந்தார். எனக்குப் பார்க்க வேண்டும், ஒரு தடவை பார்க்க வேண்டும், பெருமாளே, அதற்கு அவளே விலை கொடுக்கட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்தது அவருக்கே பயமாக இருந்தது.

அவர் வந்து உட்கார்ந்தபோது சுந்தரவல்லி நகர்ந்து இடம் விட்டாள். விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இளைப்பாறிவிட்டுக் கோர்ட்டுக்குள் நடந்த மிருதுளா பழக்கம் போல இந்த வரிசையைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு பந்தை வாங்கித் தரையில் தட்டினாள்.

முதல் பந்து வலையில் விழுந்தது. பத்ரிநாராயணனின் கால்கள் தாமாகவே எழுந்திருக்கப் பார்த்தன. இரண்டு கையாலும் உட்கார்ந்திருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். அந்த கேம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. சுந்தரவல்லி அவரைத் தடுக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதும் போவதும் அவர் பாடு என்று விட்டுவிட்டாள். அவர் போகவில்லை.

பார்த்தார். மகள் சர்வ் போடுமுன் ஜெர்ஸியின் தோளை இழுத்துவிட்டுக்கொள்வதைப் பார்த்தார். ஆபரேஷன் ஆன காலைக் காப்பாற்றிக்கொள்ள அரை வட்டமாகச் சுற்றி ஓடுவதைப் பார்த்தார். பேக்ஹேண்ட் அடிக்கும்போது அவள் அம்மா மாதிரியே கீழுதட்டைக் கடிப்பதைப் பார்த்தார். ஒரு பந்தைக் கோட்டின் மேலேயே அடித்தபோது எதிராளி அசையாமல் நின்றாள். தாம்பாளத்தை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சுற்றிலும் இடி இடித்த மாதிரிச் சத்தம், அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சத்தம் போட்டால் பார்ப்பது குறைந்துவிடும் போலிருந்தது.

ஒரு கேம் எடுத்தாள், எதிராளி இரண்டு எடுத்தாள். கூட்டிப் பார்த்தால் இரண்டு அணியும் சமம். டைபிரேக் என்றார்கள். முதலில் பத்துப் பாயிண்ட் எடுக்கிற அணிக்குக் கோப்பை. எட்டுக்கு எட்டு வரை வந்தார்கள். ஒன்று போயிற்று. கடைசி பந்து ஓரமாக, தாழ்வாக வந்தது. மிருதுளா ஓடினாள், நீட்டினாள், ராக்கெட்டின் விளிம்பில் பட்டு வெளியே போய் விழுந்தது. இந்தூர்க்காரர்கள் வேலியைத் தாண்டி உள்ளே குதித்தார்கள்.

பத்ரிநாராயணன் உட்கார்ந்தே இருந்தார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். பரிசு கொடுத்தார்கள், காகிதப் பூ பறந்தது. கேலரி முக்கால்வாசி காலியான பிறகு மிருதுளா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள். இவர்கள் இறங்கிப் போனார்கள். வேலி நடுவில் இருந்தது.

"நான் உள்ள வந்து உக்காந்துட்டேன்மா" என்றார் பத்ரிநாராயணன். "எழுந்து போயிருந்தேன்னா ஜெயிச்சிருப்பே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்காந்துட்டேன்."

"என்னப்பா சொல்றே?"

அப்போதுதான் சொன்னார். மாவட்டப் போட்டி, டீ, மதில், கைத்தட்டல், எல்லாவற்றையும். நடுவில் பிபி என்ற பொய்யையும். மிருதுளா வேலிக் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு கேட்டாள். முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"ராசியா?" என்றாள். "நான் ஒரு பந்து தப்பா அடிப்பேன், நிமிர்ந்து பார்ப்பேன், நீ எழுந்து போயிண்டிருப்பே. உன் முதுகு தெரியும். அவ்ளோதான், அப்பா முடிவு பண்ணிட்டார், இன்னிக்கு நான் தேறமாட்டேன்னு நெனச்சுப்பேன். ஒவ்வொரு ஊர்லயும், ஒவ்வொரு மேட்ச்லயும் அப்படித்தான். ஜெயிச்சப்பல்லாம் உனக்குக் காட்டணும்னு வெறியில ஜெயிச்சேன். காட்டறதுக்கு நீ இருக்கமாட்டே." குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

பத்ரிநாராயணன் வேலியைப் பிடித்துக்கொண்டார். சுந்தரவல்லி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய்யை அத்தனை வருஷம் காப்பாற்றியவள் அவளும்தானே. பின்னால் கேலரிப் பலகைகளைக் கழற்றுகிறவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

மிருதுளாதான் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"எப்படிப்பா ஆடினேன்?"

விளையாடுகிற எந்தக் குழந்தையும் ஆட்டம் முடிந்ததும் அப்பாவிடம் கேட்கிற முதல் கேள்வி அது. மிருதுளா அவரிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

பத்ரிநாராயணன் சொல்ல ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு உன் பேக்ஹேண்டுக்கே போட்டுண்டிருந்தா. நீ ஒண்ணு குறுக்க அடிச்சே, ஒண்ணு கோட்டோட அடிச்சே. ரெண்டு தடவை அவ நகரவே இல்ல. டைபிரேக்ல நெட்டுக்கு வந்து ஒரு பந்தைத் தரையோட எடுத்தியே, முழங்கால் கீழ பட்டுது, எனக்கு உயிரே போயிடுத்து. ஆனா உன் ரெண்டாவது சர்வ் ரொம்ப மெதுவா இருக்கு. அவ முன்னாடி வந்து வந்து அடிச்சா. கடைசி பந்துக்கு நீ ஒரு அடி லேட்."

"அரை அடி."

"ஒரு அடி. நான் பார்த்துண்டுதானே இருந்தேன்."

மிருதுளா அழுகையோடு சிரித்தாள். பிறகு வேலிக்கு இன்னும் கிட்டே வந்தாள். பன்னிரண்டு வயசுப் பெண்ணாக ஓடி வந்து சொல்லவேண்டியதை இப்போது சொல்கிறவள் மாதிரி அவசரமாகப் பேசினாள்.

"அந்த லாப் எப்படிப்பா இருந்தது? என் ரெண்டாவது கேமோட கடைசி பாயிண்ட். அவ நெட்டுக்கு வந்துட்டா, நான் பின்பக்கம் ஓடிண்டே, திரும்பிக்கூடப் பார்க்காம, அவ தலைக்கு மேல தூக்கிப் போட்டேன். சரியா கோட்டு மேல விழுந்துது. இத்தனை வருஷத்துல அந்த மாதிரி ஒண்ணு நான் போட்டதே இல்லப்பா. அதுக்கப்புறம்தான் உன்னை சீட்ல பார்த்தேன். ஆனா அதுக்கு முன்னாடியே வந்து படிக்கட்டுல நின்னுண்டிருந்திருப்பே, இல்ல? எனக்குக் கீழேர்ந்து சரியாத் தெரியல. எவ்வளவு உயரம் போச்சு?"

பத்ரிநாராயணன் வாயைத் திறந்தார். ரொம்ப உயரம் என்று சொல்லிவிடலாம். விளக்கைத் தொட்டுவிட்டு வந்தது என்று சொல்லலாம். சொன்னால் நம்பிவிடுவாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பார்க்கலைம்மா" என்றார். "அப்ப நான் வெளியில நின்னுண்டிருந்தேன்."

மிருதுளா தலையை ஆட்டினாள். தோளிலிருந்து நழுவிய பையைச் சரி செய்துகொண்டு, அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா."

சுந்தரவல்லி கையை உயர்த்தி, பந்து எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு உயரம் போயிற்று, அந்தப் பெண் எப்படிக் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள், எங்கே வந்து விழுந்தது என்று மெதுவாகச் சொன்னாள். பத்ரிநாராயணன் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.